மதிலுக்கு உள்ளே பிறக்கும் கொசு

சாக்கடையைத் தூர்வாருங்கள், புகை அடியுங்கள் என்று மாநகராட்சியைக் கேட்கிறோம். டெங்குவையும் ஜிகாவையும் சுமக்கும் கொசு வளர்வதோ நம் வீட்டு நல்ல தண்ணீரில். திருவனந்தபுரம் பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு இது.

2021 ஜூலை 8. கொரோனா இரண்டாம் அலையிலிருந்து கேரளம் இன்னும் கரையேறவில்லை. அன்றைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து இன்னொரு செய்தி வந்தது: பாறசாலையைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்கு ஜிகா வைரஸ். கேரளத்தில் அதுதான் முதல் முறை. பாறசாலை நம் களியக்காவிளைக்கு அடுத்த ஊர் என்பதால் கன்னியாகுமரி மாவட்டமும் உஷாரானது.

அந்தப் பெண் மாநிலத்தைவிட்டு வெளியே போய்வந்தவர் இல்லை. அப்படியானால் வைரஸ் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தேட ஆரம்பித்ததும் நகருக்குள் ஆனயறை வட்டாரத்தில், மூன்று கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள், கொத்தாகத் தொற்று தென்பட்டது. மத்திய அரசின் நிபுணர் குழு வந்து இறங்கியது. ஆகஸ்ட் பிறக்கும்போது எண்ணிக்கை 60-ஐத் தாண்டியிருந்தது. அநேகமாக எல்லாமே திருவனந்தபுரம் மாவட்டம்.

1947-ல் உகாண்டாவின் ஜிகா காட்டில் ஒரு குரங்கிடம் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் இது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாள் காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, கண் சிவப்பு என்று போய்விடும். கர்ப்பிணிகள் விஷயம் வேறு. 2015-ல் பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளைப் பார்த்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. 2016 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தது.

ஜிகா புதிது, அதைச் சுமந்த கொசு திருவனந்தபுரத்துக்குப் பழைய குடித்தனக்காரர். 2017-ல் கேரளத்தில் கிட்டத்தட்ட 20,000 பேருக்கு டெங்கு உறுதியானபோது, அதில் பெரும் பங்கு இந்த ஒரு மாவட்டத்துக்குத்தான். அன்றைக்கு டெங்கு கொடுத்ததும் 2021-ல் ஜிகா கொடுத்ததும் ஒரே இனம்: ஏடிஸ்.

நேரத்தைச் சொல், ஆளைச் சொல்கிறேன்

கொசு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நாலு வகைக் கொசுவுக்கு நாலு வகைப் பிறப்பிடம். அது தெரியாமல் மருந்து அடித்தால் காசும் போகும், கொசுவும் இருக்கும்.

விளக்கு வைத்த பிறகு காதோரம் வந்து பாடுகிறதே, அது கியூலெக்ஸ். சாக்கடையும் செப்டிக் டேங்க்கும் அழுக்குக் குட்டையும் இதற்குப் பிடித்த இடங்கள். தம்பானூர் வழியாக ஓடும் ஆமையிழஞ்சான் தோடு போன்ற கழிவு கலந்த கால்வாய்கள் இதை லட்சக்கணக்கில் வளர்த்துக் கொடுக்கும். யானைக்கால் நோயின் புழுவைச் சுமப்பது இந்த இனம். வயல் தண்ணீரில் வளரும் இதன் உறவுக்காரக் கொசு மூளைக்காய்ச்சலைப் பரப்பும்.

மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் வகையில் நகரத்துக்காரன் ஒருவன் உண்டு: கிணறும் மேல்நிலைத் தொட்டியும் அவனுக்குப் போதும். 1965-ல் மலேரியா ஒழிந்துவிட்டதாக அறிவித்த கேரளத்தில், 1996-ல் திருவனந்தபுரத்தின் வலியதுறைக் கடலோரத்தில் மலேரியா மறுபடி தலைகாட்டியது. அங்கே குறிவைக்கப்பட்டது கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த இந்தக் கொசுவைத்தான்.

மூன்றாவது மேன்சோனியா. இதன் புழு மூச்சுவிடத் தண்ணீருக்கு மேலே வருவதில்லை. ஆகாயத்தாமரை மாதிரி மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும்.

நாலாவதுதான் ஏடிஸ். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம். பகலில் கடிக்கும், அதிலும் விடிந்து சில மணி நேரமும் பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் மும்முரமாகக் கடிக்கும். இதில் இரண்டு ரகம். ஏடிஸ் எஜிப்தி வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில், திரைச்சீலைக்குப் பின்னால், கொடியில் தொங்கும் சட்டை மடிப்பில் ஒதுங்கும். ஏடிஸ் அல்போபிக்டஸ், அதாவது புலிக்கொசு, வெளியே செடி நிழலில் காத்திருக்கும். வாழையும் சேம்பும் மண்டிய திருவனந்தபுரத்து முற்றங்கள் இதற்கென்றே அமைந்தவை.

ஏடிஸின் இரண்டு குணங்களை மனதில் வைக்க வேண்டும். ஒன்று, அது தூரப் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 200 மீட்டருக்குள்ளேயே அதன் ஆயுள் முடிந்துவிடும். இரண்டு, சட்டென்று மிரண்டு எழும். ஒரே ஆளிடம் வயிறு நிரம்பக் குடிக்காமல் ஆள் மாற்றி ஆள் கடிக்கும். ஒரு வீட்டில் ஒருவர் விழுந்தால் வாரத்துக்குள் மற்றவர்களும் படுப்பது இதனால்தான். தூரப் பறக்காததால், உங்களுக்கு டெங்கு தந்த கொசு எங்கோ ஆற்றங்கரையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் மதிலுக்குள் பிறந்திருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து மதிலுக்குள்.

ஞாயிற்றுக்கிழமை ஏன்?

கேரளத்தில் 'டிரை டே' என்றால் மதுக்கடை மூடும் நாள் மட்டுமல்ல. சுகாதாரத் துறை வாரத்தில் மூன்று நாளைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது: வெள்ளி பள்ளிக்கூடங்களுக்கு, சனி அலுவலகங்களுக்கு, ஞாயிறு வீடுகளுக்கு. அன்றைக்குத் தேங்கிய தண்ணீரையெல்லாம் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை என்பது யாரோ தோன்றியபடி சொன்ன கெடு அல்ல. முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைக்க இந்த ஊர் வெப்பத்துக்கு ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். ஏழு நாளைக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் எந்தத் தலைமுறையும் பறக்கும் வயதை எட்டாது. ஒரு வாரம் தவறினால் கணக்கு தவறிவிடும்.

கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீரில் அல்ல. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில். பொடிக் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பங்குனி வெயிலில் எலும்பாய்க் காய்ந்த தொட்டியில் ஜூன் மழை விழுந்த மறுநாளே புழு நெளிவது அந்த முட்டைகளால்தான். தேங்காய் நாரோ பிரஷோ போட்டு உள்சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் முட்டை போகும்.

திருவனந்தபுரத்துக்கு இரண்டு மழை: ஜூனில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம். நடுவில் கோடை மழையும் வந்து எட்டிப்பார்க்கும். தொடர்ந்து மூன்று மாதம் வறண்டு கிடக்கும் நம் ராமநாதபுரம் மாதிரி ஊர்களில் வெயிலே பாதி வேலையைப் பார்த்துவிடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

முற்றத்தை ஒரு சுற்று

ஐந்து சென்ட், பத்து சென்ட் இடத்திலும் ஒரு தென்னை, ஒரு மா, ஒரு பலா, நாலு வாழை என்பது இந்த நகரத்தின் பழக்கம். ஆஷா பணியாளர்களும் சுகாதார ஆய்வாளர்களும் டார்ச் விளக்கோடு வந்து குனிந்து பார்க்கும் இடங்களைக் கவனித்தால், நாம் எதையெல்லாம் பார்ப்பதில்லை என்பது புரியும்.

முதலில் தென்னையின் அடி. துருவி எறிந்த சிரட்டை, குடித்துவிட்டுப் போட்ட இளநீர் கூடு, உதிர்ந்து கிடக்கும் கமுகம் பாளை. ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளங்கைத் தண்ணீர் நிற்கும். ஏடிஸுக்கு அது தாராளம். சிரட்டையை அடுப்புக்கு எடுத்தாலும் சரி, கவிழ்த்து அடுக்கினாலும் சரி, மல்லாந்து கிடக்கக் கூடாது. வெட்டிய மூங்கில் குற்றி, மரப்பொந்து ஆகியவற்றை மண் போட்டு நிரப்பிவிடலாம். அன்னாசிச் செடியின் இலைக்கணுவில் நிற்கும் நீரிலும் புலிக்கொசு முட்டையிடும். அதை வாசல் பக்கம் வைக்காமல் தள்ளி நடுவது நல்லது.

அடுத்தது மொட்டை மாடியும் சன்ஷேடும். மழைநீர் ஓடும் குழாயில் இலை அடைத்துக்கொண்டால் சன்ஷேட் குளமாகிவிடும். கீழே நிற்பவருக்குத் தெரியாது. மூடி உடைந்த தண்ணீர் டேங்க், அதன் வழிந்தோடும் குழாயின் வாய், விறகின் மேலும் ஸ்கூட்டரின் மேலும் போர்த்திய தார்ப்பாயின் மடிப்பு, பயன்படாமல் கிடக்கும் டயர், அரைகுறையாக நிற்கும் கட்டுமானத்தில் தேங்கிய தண்ணீர் என்று பட்டியல் நீளும். மேல்நிலைத் தொட்டிக்கு மூடி, கிணற்றுக்குக் கொசு நுழையாத வலை, செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் தலையில் ஒரு துண்டு வலை. கடைசியாகச் சொன்னது சில ரூபாய் வேலை. கியூலெக்ஸுக்கு அது கதவடைப்பு.

வீட்டுக்குள்ளும் உண்டு. ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டை வாங்கிய நாளிலிருந்து பார்க்காதவர்கள் பலர். ஏ.சி. தண்ணீர் பிடிக்கும் பக்கெட், மணி பிளான்ட் வைத்த பாட்டில், பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, ஆள் இல்லாத அறையின் கழிப்பறைக் கோப்பை. எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் காலுக்கு வைத்த கிண்ணத்தில் ஒரு பிடி உப்பு போட்டுவிட்டால் அங்கே புழு வளராது.

குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத நாட்கள் இன்னொரு வாசலைத் திறந்துவிடும். குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம், மூடி வைக்க மறக்கிறோம். துணியால் வாய் கட்டிய டிரம்மில் கொசு முட்டையிட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

நகரைத் தாண்டினால் நெடுமங்காடு, பாலோடு பக்கம் ரப்பர். மரத்துக்கு ஒரு சிரட்டை, ஏக்கருக்குக் கிட்டத்தட்ட இருநூறு மரம். மழைக்காலத்தில் பால் வெட்டு நின்ற பிறகு சிரட்டைகள் நிமிர்ந்தபடியே விடப்பட்டால், தோட்டமே கொசுப் பண்ணை. 2006-லும் 2007-லும் கேரளத்தை முடக்கிப்போட்ட சிக்குன்குனியாவில், கோட்டயம், பத்தனம்திட்டை மலைத் தோட்டங்கள் அடிவாங்கியதற்கு இந்தச் சிரட்டையும் புலிக்கொசுவும் முக்கியக் காரணம். வெட்டு இல்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்து வை என்பது அன்றிலிருந்து ஓயாமல் சொல்லப்படும் புத்திமதி.

புகையும் மருந்தும் மீனும்

தெருவில் புகை வண்டி வந்தால் நமக்கு ஒரு திருப்தி. ஏதோ நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? அந்த வெள்ளைப் புகையில் பெரும்பகுதி டீசல். அதில் கரைத்த பூச்சிமருந்து பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும். அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏடிஸைத் தொடாது. சிரட்டையில் நெளியும் புழுவுக்கு அது வந்ததே தெரியாது. இரண்டொரு நாளில் அடுத்த செட் பறக்க ஆரம்பிக்கும். ஒரு வீட்டில் டெங்கு உறுதியானதும், அந்த வீட்டையும் சுற்றுப்புற வீடுகளையும் உள்ளும் புறமும் புகையடிப்பதில் பயன் உண்டு. வைரஸோடு பறக்கும் கொசுவை உடனே ஒழிக்க அதுதான் வழி. தெருவுக்குத் தெரு அடிப்பது மனசாந்திக்கு.

பிளீச்சிங் பவுடர் கதையும் இதுதான். கிணற்றுத் தண்ணீரின் கிருமிக்கு அது மருந்து. சாக்கடை ஓரத்தில் கோலம் போடுவதுபோல் தூவினால் கொசுப்புழு சாகாது.

தண்ணீரைக் கொட்ட முடியாத இடங்களுக்குத்தான் புழுக்கொல்லி. தமிழ்நாட்டில் டெங்கு பணியாளர்கள் தொட்டியில் ஊற்றும் அபேட் கரைசலை நாம் அறிவோம். பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாக்டீரியா இன்னும் நுட்பமானது. கொசுப்புழுவின் குடலைக் கெடுக்கும், மனிதருக்கும் மீனுக்கும் ஒன்றும் செய்யாது. 1976-ல் இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்டது. 1975-ல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதன் இந்திய வகை ஒன்றை உருவாக்கித் தந்திருக்கிறது.

அலங்காரத் தொட்டிக்கும் பயன்படாத கிணற்றுக்கும் கப்பி மீன் போதும். கேரளத்து வாய்க்கால்களிலேயே மானத்துக்கண்ணி என்று ஒரு மீன் உண்டு. மேல்மட்டத்தில் நீந்திக் கூத்தாடிகளை, அதாவது கொசுப்புழுக்களை, தின்று தீர்க்கும். அமெரிக்காவிலிருந்து வந்த கம்பூசியாவைக் குளத்திலும் ஆற்றிலும் விடக் கூடாது. அது உள்ளூர் மீன் குஞ்சையும் தவளை முட்டையையும் விட்டுவைக்காது.

கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டில் பக்கத்தில் ஏற்றுவதை நிறுத்தலாம். ஜன்னலுக்கு வலை, குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பகலிலும் கொசுவலை. இதைவிடப் பழசாகவும் பத்திரமாகவும் எதுவும் இல்லை.

காய்ச்சல் வந்துவிட்டால்

* டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டும்.
* கஞ்சி, இளநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரம் தாராளமாக.
* காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஓரிரு நாள்தான் ஆபத்து. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாத்தியச் சோர்வு என்றால் உடனே ஆஸ்பத்திரி.
* நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். காய்ச்சல் இருக்கும் நாட்களில் அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்தவருக்கு வைரஸைக் கொண்டுபோகிறது.

சேர்த்தலை சொன்ன பாடம்

திருவிதாங்கூருக்குக் கொசுவோடு போராடிய பழைய வரலாறு உண்டு. 1930-களில் சமஸ்தானத்தில் யானைக்கால் நோயை ஆராய்ந்தவர் எம்.ஓ.டி. ஐயங்கார் என்ற பூச்சியியல் அறிஞர். திருவனந்தபுரம் நகரத்தில் நோயைப் பரப்புவது அழுக்குத் தண்ணீர் கியூலெக்ஸ், ஆலப்புழைப் பக்கம் சேர்த்தலையில் பரப்புவது ஆகாயத்தாமரையில் வளரும் மேன்சோனியா, இரண்டு இடத்திலும் நோய்ப்புழுவே வேறு என்று பிரித்துக் காட்டினார். 1938-ல் அவர் ஆய்வு நூலாக வந்தது. கொசுப்புழுவுக்குள் ஒட்டுண்ணியாக வாழும் ஒரு நூற்புழுவுக்கு இன்றும் அறிவியல் உலகில் அவர் பெயர்தான்.

ஆகாயத்தாமரையை எடுத்தால் கொசு போகும் என்று ஐயங்கார் காலத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் சேர்த்தலை மக்கள் அதை எடுக்கவில்லை. காரணம், அது தென்னைக்கு நல்ல உரம். குளத்தில் வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். 1980-களில் புதுச்சேரி ஆராய்ச்சி மையத்தினர் வந்தபோது உபதேசத்தோடு நிற்கவில்லை. செடியை அகற்று, அதே குளத்தில் மீன் வளர், விற்றுக் காசு பார் என்றார்கள். மீன் காசு தந்தது. குளம் தானாகச் சுத்தமானது.

வீட்டுக்காரருக்கு லாபம் தெரிந்தால்தான் வேலை நிற்காமல் நடக்கும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். திருவனந்தபுரத்தில் இதற்கு நிகரான இன்னொன்று இப்போது நடக்கிறது. விளப்பில்சாலைக் குப்பை ஆலை மக்கள் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்டதும் நகரம் குப்பையில் திணறியது. இன்று ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வீட்டு வாசலுக்கு வந்து பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். கொடுப்பது சிறிய கட்டணம். கொல்லையில் எறியப்பட்டு மழைநீர் பிடிக்கும் ஒவ்வொரு தயிர் டப்பாவும் அந்தப் பையில் போய்விட்டால், அது கொசு ஒழிப்பும்தான். அந்தக் கட்டணத்துக்கு முகம் சுளிப்பவர்கள் ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

யார் வேலை எது?

சட்டம் ஏற்கெனவே மதிலுக்குள் நுழைந்துவிட்டது. 1955-ன் திருவிதாங்கூர்-கொச்சி சட்டத்துக்கும் மலபாரில் நடப்பிலிருந்த 1939-ன் மதராஸ் சட்டத்துக்கும் பதிலாக, 2023-ல் கேரளம் ஒரே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் 2024-ல் திருச்சூர் மாவட்டத்தில் வீட்டு வளாகத்தில் கொசு வளரவிட்ட ஒருவருக்கு இரிஞ்ஞாலக்குடா நீதிமன்றம் 2,000 ரூபாய் அபராதம் போட்டது. சிங்கப்பூர் 1968-லேயே இதற்குச் சட்டம் இயற்றிய நாடு. வீட்டுக்கு வீடு சோதனை, கறாரான அபராதம் எல்லாம் இருந்தும் 2020-ல் அங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அபராதம் பயத்தைத் தரும். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தை அதனால் தர முடியாது.

அதற்காகப் பழியை முழுக்க வீட்டுக்காரர் தலையில் கட்டுவதும் சரியில்லை. கால்வாயில் கழிவு கலக்காமல் பார்ப்பது, குப்பையை நாள் தவறாமல் எடுப்பது, குழாயில் தண்ணீர் விடுவது, தூர்வாரும் தொழிலாளியின் உயிருக்குப் பாதுகாப்புத் தருவது எல்லாம் அரசின் வேலை. 2024 ஜூலையில் ஆமையிழஞ்சான் தோட்டில், ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் பகுதியில், சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தது நகரம் மறக்கக் கூடாத அவமானம். வளைகுடாவில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் இன்னொரு தலைவலி. அவற்றின் மொட்டை மாடியைத் தனியொரு வீட்டுக்காரர் என்ன செய்ய முடியும்? குடியிருப்போர் சங்கம் சாவியையோ அனுமதியையோ வாங்கி வைத்துக்கொண்டு, மழைக்கு முன்னும் பின்னும் திறந்து பார்க்க வேண்டும். மற்றக் கூட்டங்களில் பேசும் விஷயங்களைவிட இது அவசரம்.

இரு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம், எந்தக் கொசுவுக்கு யார் பொறுப்பு என்பதை யாரும் பிரித்துப் பார்க்காததுதான். பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ராத்திரி கடித்தால், செப்டிக் டேங்க் குழாயில் வலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வார்டு கவுன்சிலருக்குப் போன் போடுங்கள். பகலில் கடித்தால் போனை எடுக்காதீர்கள். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அழுத்துங்கள்.